தோட்டத்துப் பெட்டிக்கு எது சரி: வைஃபையா, 4ஜி சிம்மா, லோராவா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் விவசாயத்துக்கு ஐஓடி பெட்டி (சென்சாரில் அளந்து, நெட் வழியாகத் தகவல் சொல்கிற கருவி) செய்ய இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த போர்டு வாங்கலாம்?" என்றுதான். போர்டு ஒரு பிரச்சினையே இல்லை. ஓசூரில் காலையில் பஸ் ஏறினால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பை நிறைய போர்டும் சென்சாரும் அள்ளிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நெட்வொர்க் போனால், கரண்ட் போனால், அந்தப் பெட்டி என்ன செய்யும்? வைஃபை, 4ஜி, லோரா (கொஞ்சம் தகவலை, கொஞ்சம் கரண்டில், வெகுதூரம் அனுப்புகிற ரேடியோ முறை) மூன்றையும் நான் இங்கே எடை போடுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான். வேகம், விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

வைஃபை: வீட்டை ஒட்டி இருந்தால் மட்டும்

பென்னாகரம் பக்கம் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. இந்த இடத்தில் வைஃபையை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த மாதிரிப் பெட்டிக்கு மூளையாக வைக்கிற இ.எஸ்.பி.32 சிப் ஒன்றுக்குள்ளேயே வைஃபை, புளூடூத் இரண்டும் அடக்கம், தனியாக மாதக் கட்டணம் கிடையாது, சந்தேகம் வந்தால் இணையத்தில் பதில் கொட்டிக் கிடக்கிறது.

ஆனால் இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 85 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதமும் வேண்டும்; வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 சதவீதத்தை ஒட்டிய ஈரமும் போதும். இந்தக் கணக்கை எங்கேயோ இருக்கிற சர்வரில் வைத்து, அங்கிருந்து ஃபேனுக்கும் ஹியூமிடிஃபையருக்கும் உத்தரவு வருகிற மாதிரி செய்தால், நெட் போன ராத்திரியில் புழுவின் கதி என்ன? கணக்கு சிப்புக்குள்ளேயே இருக்கட்டும். போனில் காட்டவும் எச்சரிக்கை சொல்லவும் மட்டும் நெட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எச்சரிக்கையிலும் ஒரு வேடிக்கை உண்டு. கரண்ட் போனால் முதலில் சாவது ரவுட்டர். அதாவது "கரண்ட் போய்விட்டது" என்று சொல்ல வேண்டிய நேரத்தில்தான் சொல்ல வழி இருக்காது. ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போடச் சொல்லுங்கள், அல்லது "பெட்டியிடமிருந்து பத்து நிமிடமாகச் சத்தமில்லை" என்பதையே சர்வர் எச்சரிக்கையாக அனுப்பட்டும். பாஸ்வேர்டு மாற்றுகிற தொல்லை தனி. வீட்டில் யாராவது ரவுட்டரை மாற்றினால் பெட்டி அநாதையாகிவிடும், திரும்ப இணைக்க வெளியே தெரிகிற மாதிரி ஒரு பட்டன் வேண்டும். இ.எஸ்.பி.32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது என்பதையும் ஃபைபர் இணைப்பு போட வருகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

ஓசூர், தளி பக்கத்து ரோஜா பசுமைக்குடிலிலும் இதே யோசனை ஓரளவு செல்லும், ஆனால் ஈரம் சொட்டும் இலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும். குடிலின் இந்த முனையில் முழு சிக்னல், அந்த முனையில் ஒன்றுமில்லை என்பது சகஜம். நீளக் குடிலென்றால் சென்சாரை ஆர்.எஸ்.485 (நீள வயரிலும் தகவல் சிதையாமல் போகிற முறை) வயரில் இழுத்து வந்து ஒரே இடத்தில் வைஃபைக்கு மாற்றுவது மேல். பழைய முறைதான், ஆனால் படுத்தாது.

4ஜி: போர் மோட்டாருக்கு

பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டம் வேறு கதை. போர் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, த்ரீ பேஸ் முறை வைத்து வருகிறது, ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போக வேண்டும். இங்கே ஜெயிப்பது சிம் போட்ட பெட்டிதான். செல்போன் ஸ்டார்ட்டர் என்று கடைகளில் ஏற்கெனவே ஓடுகிற பொருள். நீங்கள் புதிதாகச் செய்வதானால் எந்தத் தலைமுறை மாட்யூல் (சிம் போட்டு டவரோடு பேசுகிற சர்க்யூட்) என்பதில்தான் முதல் சண்டை.

சிம்800எல் மாதிரியான 2ஜி மாட்யூல் மலிவு, பழகியது. ஆனால் அது தகவல் அனுப்புகிற கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சப்ளையில் நல்ல கெப்பாசிட்டர் இல்லையென்றால் வோல்டேஜ் சரிந்து மாட்யூல் தானே ரீசெட் ஆகிவிடும், "டவர் சரியில்லை" என்று ஊரையே திட்டிக்கொண்டிருப்போம். அதைவிடப் பெரிய விஷயம், 2016-ல் வந்த ஜியோவில் 2ஜியே கிடையாது. தோட்டத்தில் ஜியோ டவர் மட்டும்தான் எடுக்கிறது என்றால் இந்தப் பெட்டி அங்கே வெறும் டப்பா. ஏழெட்டு வருடம் ஓட வேண்டிய பொருளுக்கு இன்றைக்கு 2ஜியை நம்பி டிசைன் செய்வதை நான் ஏற்கமாட்டேன். எல்டிஇ கேட் 1 என்கிற, வேகம் குறைந்த 4ஜி மாட்யூல் கொஞ்சம் விலை கூட, ஆனால் சாதாரண 4ஜி டவரிலேயே வேலை செய்யும். அதன் வேகம் 10 மெகாபிட், நமக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. வாய்ஸ் கால் வருமா என்பது மாட்யூலுக்கு மாட்யூல் மாறும், வாங்கும் முன் பாருங்கள். ஆப்பைவிடப் போன் அடித்தால் "மோட்டார் ஓடுகிறது" என்று குரல் சொல்வதைத்தான் பெரியவர்கள் நம்புகிறார்கள், அதில் தப்பும் இல்லை.

சிம்மில் ரீசார்ஜ் என்று ஒன்று இருக்கிறது. விவசாயி மறப்பார், வேலிடிட்டி முடியும், பெட்டி கெட்டுவிட்டது என்று உங்களுக்குப் போன் வரும். இயந்திரங்களுக்கென்றே 13 இலக்க எண்ணில் எம்2எம் சிம் தருகிறார்கள். அதை எடுத்து முதல் சில வருடக் கட்டணத்தைப் பெட்டி விலையிலேயே சேர்த்துவிடுவது நல்லது. அதில் வாய்ஸுக்குக் கட்டுப்பாடு இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, நெட்வொர்க் செத்தால்? இந்த ஊரில் ஆயிரம் அடி தாண்டிய போர் அதிசயமில்லை, கோடையில் தண்ணீர் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர வைப்பதே தண்ணீர்தான், தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் எரியும், அப்புறம் வண்டி வரவழைத்துப் பைப்பை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஆகவே ட்ரை ரன், அதாவது தண்ணீரில்லா ஓட்டத்தைப் பார்க்கிற வேலை சர்வரிடம் போகவே கூடாது. இதற்கும் இரண்டு வழி: பைப்பில் ஃப்ளோ மீட்டர், அல்லது மோட்டார் வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியரை அளக்கிற சிடி காயில். நான் கண்ணை மூடிக்கொண்டு சிடி காயில் என்பேன். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறைந்துவிடும், அதைப் பார்த்தே நிறுத்திவிடலாம். பிளாஸ்டிக் ஃப்ளோ மீட்டரோ நம்ம உப்புத் தண்ணியில் வெள்ளை படிந்து சக்கரம் சிக்கிக்கொள்ளும், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே "வரவில்லை" என்று மோட்டாரை நிறுத்தும். சிடி காயிலிலும் ஒரு கவனம்: லோ வோல்டேஜில் ஆம்பியர் ஏறும், அதனால் வோல்டேஜையும் சேர்த்துப் பார்க்காமல் ஆம்பியரை மட்டும் நம்ப முடியாது.

இன்னொன்று, கரண்ட் வந்ததும் தானாக ஸ்டார்ட் ஆகிற வசதி. ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற பத்துப் பதினைந்து மோட்டாரும் அதே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும், பாதி ட்ரிப் ஆகும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை ஏதோ ஓர் இடைவெளியைத் தானே போட்டுக்கொண்டு கிளம்பட்டும். நாலைந்து வரி புரோகிராம்தான்.

லோரா: பரந்த மாந்தோப்புக்கு

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் இருபது ஏக்கரில் பத்து இடத்தில் மண் ஈரம் பார்க்க வேண்டும், எங்கேயும் கரண்ட் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சிம் போட்டால் ரீசார்ஜிலேயே தோப்பு அழிந்துவிடும். இங்கேதான் லோரா. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், 2021-ல் அதை 868 வரை நீட்டினார்கள். 433 மாட்யூல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், அந்த அலைவரிசையில் இங்கே அனுமதித்திருக்கும் சக்தி மிகக் குறைவு.

அட்டையில் 15 கிலோமீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். அது மேடு பள்ளமில்லாத வெட்ட வெளிக்கு. கரடும் பாறையும் உள்ள நம்ம பக்கம், அதுவும் அடர்ந்த மாமரத்துக்குக் கீழே முட்டியளவு உயரத்தில் ஆன்டெனாவை வைத்துவிட்டு அந்தத் தூரத்தை எதிர்பார்க்கக் கூடாது. சென்சார்களின் தகவலை வாங்கி நெட்டுக்கு அனுப்புகிற கேட்வேயை வீட்டு மாடியில் உயரமாக ஏற்றுங்கள், சென்சாரின் ஆன்டெனாவை இலைக்கு மேலே கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது. தூரம் போதவில்லையென்று ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (மெதுவாக அனுப்பித் தூரத்தைக் கூட்டுகிற செட்டிங்) 7-லிருந்து 12-க்கு ஏற்றினால் எட்டும்தான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பேட்டரி அதே கணக்கில் கரையும்.

லோராவின் பலவீனம் கேட்வே. அது ஒன்று செத்தால் பத்து சென்சாரும் ஊமை. மண் ஈரத்துக்கு அது பரவாயில்லை, அரை நாள் தகவல் வராவிட்டால் மாமரம் காய்ந்துவிடாது, சென்சார் அளவைச் சேர்த்து வைத்து அடுத்த முறை அனுப்பட்டும். ஆனால் இதே லோராவில் மோட்டாரையும் ஓட்டலாமே என்று ஆசை வரும். லோராவில் கருவியும் கேட்வேயும் பேசிக்கொள்ளும் விதிமுறையான லோராவானில் கிளாஸ் ஏ கருவி, தான் ஏதாவது அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் மட்டும்தான் காதைத் திறக்கும். மோட்டார் பக்கம் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிற கிளாஸ் சி வேண்டும், அதற்குக் கரண்டும் வேண்டும். "நிறுத்து" என்ற செய்தி வழியில் தொலைந்தால்? அதனால் "ஓடு" என்று உத்தரவு கொடுக்காதீர்கள், "40 நிமிடம் ஓடு" என்று கொடுங்கள். 4ஜிக்கும் இதுவே பொருந்தும்.

மண் ஈர சென்சாரில் இரண்டு கம்பி நீட்டிய ரெசிஸ்டிவ் வகையைத் தொடாதீர்கள், மண்ணுக்குள் கரண்ட் பாய்ந்து கம்பி அரித்துப்போகும். கெப்பாசிட்டிவ் வகை எடுத்து, சென்சார் பலகையின் வெட்டு ஓரங்களுக்கு எப்பாக்சி பூசி, அந்தந்தத் தோட்டத்து மண்ணிலேயே அளவு பிடியுங்கள். செம்மண்ணில் பிடித்த அளவு களிமண்ணுக்கு உதவாது.

பேட்டரியும் பெட்டியும்

இ.எஸ்.பி.32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்று டேட்டாஷீட்டில் இருக்கும், உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கிற பல டெவ் போர்டுகளில் உட்கார்ந்திருக்கும் ஏஎம்எஸ்1117 என்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 2600 மில்லி ஆம்பியர்-மணி செல் ஒன்று, ஓர் அளவுகூட எடுக்காமல் மூன்று வாரத்தில் காலி. சிப்பை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதைவிட ரெகுலேட்டரை மாற்றுவது பலன் தரும்.

சோலார் வைத்தால் லித்தியம் அயனா, எல்எஃப்பியா (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) என்று வரும். சாதாரண லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது; சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது காலையிலேயே தாண்டிவிடும். எல்எஃப்பி கனம் கூட, விலை கூட, ஆனால் சூட்டைத் தாங்கும், அதிக நாள் உழைக்கும். வெயிலில் நிற்கப்போகிற பெட்டிக்கு அதுதான். பெட்டி வெள்ளை நிறமாகவும் நிழல் தட்டோடும் இருக்கட்டும்.

இரும்புப் பெட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா என்றால், ஸ்டார்ட்டர் இரும்பில்தான் இருக்கும், உங்கள் மாட்யூலை அதற்குள் திணித்தால் சிக்னல் வெளியே வராது. ஆன்டெனாவை வெளியே எடுங்கள் அல்லது தனியாக, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பிளாஸ்டிக் பெட்டி. வயர் நுழைகிற கிளாண்ட் கீழ்ப்பக்கம் மட்டும், அதுவும் இறுக்கமாக. எறும்பும் பல்லியும் எந்த டெஸ்ட் லேபிலும் வராது, ஆனால் மோட்டாருக்குக் கரண்டைப் போட்டு எடுக்கிற காண்டாக்டருக்கு நடுவில் கருகிய பல்லியைப் பார்க்காத வயர்மேன் இந்த மாவட்டத்தில் இருக்கமாட்டார். கோடை மழையின் இடிக்குச் சர்ஜ் பாதுகாப்பு போடாத பெட்டி முதல் மே மாதத்தோடு சரி. வளர்ப்பு மனையில் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டுச் சுத்தம் செய்வார்கள், ரோஜாக் குடிலில் சாம்பல் நோய்க்குக் கந்தகப் புகை போடுவார்கள். இரண்டுமே சென்சாரைத் தின்னும், ஆகவே ஈரப்பத சென்சாரைக் கழற்றி மாட்டுகிற பிளக்கில் வையுங்கள், சாலிடர் போட்டு நிரந்தரமாக்காதீர்கள்.

சர்வர் விஷயம் சுருக்கமாக. கூகுளே இந்த மாதிரிக் கருவிகளுக்கான தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்டில் மூடிவிட்டது, அதனால் எந்தப் பெரிய பெயரையும் நம்பிப் பெட்டிக்குள் முகவரியை நிரந்தரமாகப் பதிக்காதீர்கள். எந்தச் சர்வருக்கும் பொதுவான எம்க்யூடிடி முறையில் பெட்டி பேசட்டும், சர்வர் முகவரியைத் தூரத்திலிருந்தே மாற்ற வழி இருக்கட்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடவே கூடாது, 2016-ல் மிராய் என்ற நாசகார மென்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

மூன்றில் எதை எடுத்தாலும் முன்பக்கம் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு செலக்டர் ஸ்விட்ச் போடுங்கள். மேனுவலில் வைத்தால் உங்கள் எலக்ட்ரானிக்ஸ் முழுக்க வெளியே போய், பழையபடி பச்சை பட்டன், சிவப்பு பட்டனில் மோட்டார் ஓட வேண்டும். அது இல்லையென்றால் பெட்டி மக்கர் பண்ணுகிற முதல் நாளே ஊர் மெக்கானிக் வயரை வெட்டி நேராகக் கொடுத்துவிடுவார், திரும்ப யாரும் இணைக்கமாட்டார்கள். கதவின் உள்பக்கம் வயரிங் படத்தைத் தமிழில், வயர் நிறத்தோடு, தகட்டில் அச்சடித்து ஒட்டுங்கள். காகிதமென்றால் ஒரு மழைக்காலம் தாங்காது.