கரண்ட் போனால் எந்த எடிட்டர் கைகொடுக்கும்?

இலங்கையில் எங்கள் ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில் கோட் எழுதிப் பழகியவன் நான். அதனால் கோட் எழுத உதவும் எந்த எடிட்டரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, பாதியில் அணைந்தால் நான் எழுதியது என்ன ஆகும் என்பதுதான்.

விம் என்ற எடிட்டர் இதில் கெட்டி. கோப்பைத் திறந்ததுமே பக்கத்தில் ஸ்வாப் என்று ஒரு தற்காலிகக் கோப்பு வைத்துக்கொள்ளும். 200 எழுத்து தட்டினாலோ, 4 வினாடி கை ஓய்ந்தாலோ, அதுவரை எழுதியது அதற்குள் போய்விடும். 2022 மார்ச் முடிவில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில், சம்பளக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்து கோப்பைத் திறந்தால், பழைய ஸ்வாப் இருக்கிறது, என்ன செய்ய என்று விம் கேட்டது. மீட்க ஆர் தட்டினேன். கடைசி அரை வரி மட்டும்தான் இல்லை. மீட்டதைச் சேமித்த கையோடு அந்த ஸ்வாப்பை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போதெல்லாம் அதே கேள்வி வரும்.

ஈமேக்ஸ் என்ற எடிட்டரும் இதைச் செய்யும், 300 தட்டலுக்கு ஒருமுறை, அல்லது 30 வினாடி கை ஓய்ந்தால். எங்கள் மழைக்கு 30 வினாடி எனக்கு அதிகம்.

விஎஸ் கோட் 2015இல் வந்தது. இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். தொட்டதும் புரிகிறது, பிழையை அங்கேயே காட்டுகிறது. ஆனால் உள்ளே ஒரு முழு பிரவுசரே ஓடுகிறது. 4 ஜிபி ரேமில் குரோமும் திறந்திருந்தால் மெஷின் மூச்சு வாங்கும்.

தமிழ் என்று வந்தால் கதை மாறுகிறது. 'கொழுந்து நிறை' என்று ஒரு லேபிள் எழுத வேண்டும் என்று வையுங்கள். விஎஸ் கோட்டில் ஒழுங்காகத் தெரியும். டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஓடும் விம்மில் 'கொ' பல நேரம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. விம்மில் கர்சரை நகர்த்துவது எச், ஜே, கே, எல் விசைகள். விம்முக்கு முன்னோடியான வி எடிட்டரை பில் ஜாய் எழுதிய அந்தக் கால ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினல் கருவியில் அம்புக்குறிகள் அந்த விசைகளில்தான் அச்சாகியிருந்தன. தமிழ்99 விசைப்பலகையில் அதே இடத்தில் க, ப, ம, த. எழுதி முடித்து, கர்சரை நகர்த்த எஸ்கேப் அடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற மறந்தால் கர்சர் அசையாது. தமிழில் நிறைய எழுதும்போது நான் விம்மைத் தொடுவதில்லை. ஈமேக்ஸ் தமிழ் உள்ளீட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்தும் நேராகத் தெரிகிறது.

பதுளைத் தம்பி ஒருவர் கேட்டார், "எதைப் பழகட்டும் அண்ணா?"

"சர்வர் வேலை இருக்கா தம்பி?"

"இருக்கு அண்ணா. போன் டேட்டாவிலதான் கனெக்ட் பண்றேன்."

அப்படியென்றால் விம்தான். போய் வருவது வெறும் எழுத்து, டேட்டா கடிக்காது. லினக்ஸ் சர்வர்களில் வி அநேகமாக இருக்கும். விம்டியூட்டர் என்று தட்டினால் அரை மணியில் அடிப்படை வந்துவிடும்.

விஎஸ் கோட்தான் என்றால், சரி, ஆனால் அதில் தானாகச் சேமிக்கும் ஆட்டோ சேவ் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். ஃபைல் மெனுவுக்குப் போய் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.