ஒரு இன்ச் ஃபில்டரில் மெர்வ் 13 போட்ட கதை: ஏழு குளிர்காலத்து அனுபவம்

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இந்த வீட்டுக்குக் குடிவந்தது 2018 கோடையில். பேஸ்மென்ட்டில் நின்று வீட்டைச் சூடாக்குகிற கேஸ் ஃபர்னஸுக்குக் காற்றிலுள்ள தூசியைப் பிடிக்க ஃபில்டர் என்று ஒன்று உண்டு, அதை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதே முதல் குளிர்காலம் பாதி போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உருவிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம், முன்பு இருந்தவர்களின் நாய் முடியோடு.

கடைக்குப் போனால் அது வேறு கூத்து. ஒரு அட்டையில் மெர்வ், இன்னொன்றில் எம்பிஆர், பக்கத்தில் எஃப்பிஆர். எல்லாமே ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று சொல்லும் எண்கள். எம்பிஆர் 3எம் கம்பெனி வைத்துக்கொண்ட கணக்கு, எஃப்பிஆர் ஹோம் டிப்போவின் கணக்கு. எம்பிஆர் 1900, எஃப்பிஆர் 10, மெர்வ் 13 மூன்றும் ஏறக்குறைய ஒரே தரம்தான் என்பது அப்போது தெரியாது. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து மெர்வ் 13 ஆறு வாங்கி அடுக்கினேன். வீட்டில் தூசி குறைந்தது உண்மை, மனைவிக்குக் காலைத் தும்மலும் குறைந்தது.

இரண்டாவது குளிர்காலம் ஜனவரியில் ஒரு ராத்திரி, வெளியே மைனஸ் 20, ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும், ஐந்து நிமிஷத்தில் தீ அணையும், காற்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பற்றும். இப்படியே விடிய விடிய. கீழே போய்ப் பார்த்தால் கதவிலுள்ள சின்னக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எண்ணி எண்ணிச் சிமிட்டுகிறது. காலையில் வந்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை, ஃபில்டரை மட்டும் உருவிவிட்டு ஓடவிட்டார். நிற்காமல் ஓடியது. "மூச்சு முட்டுது அதுக்கு, அவ்வளவுதான்" என்றார்.

விஷயம் இதுதான். என்னுடையது போல ஒரு இன்ச் தடிமனுள்ள ஃபில்டரில் மடிப்புகளுக்கு ஆழம் கிடையாது, அதனால் காற்று புகுந்து வரும் பரப்பும் குறைவு. அதில் மெர்வ் 13 துணி புதிதாக இருக்கும்போது சமாளிக்கும், என்னுடையதோ போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அடைத்துக்கொண்டால் உள்ளே உண்டாகும் சூட்டை அள்ளிக்கொண்டு போகக் காற்று போதாது, சூடு ஏறி, பாதுகாப்புக்கு இருக்கும் லிமிட் ஸ்விட்ச் கேஸை நிறுத்திவிடும். கோடையில் ஏசியின் குளிர்ச்சுருளில் ஐஸ் கட்டுவதற்கும் இதே காரணம் உண்டு.

அப்புறம் மூன்று வருஷம் மெர்வ் 8, மாதம் ஒருமுறை கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து மாற்றினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மலிவு விலை ஃபைபர்கிளாஸும் ஒரு தடவை போட்டேன், அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியும். அது ஃபர்னஸைக் காப்பாற்றும், நம் நுரையீரலை அல்ல.

2023 ஜூனில் கியூபெக் காட்டுத்தீப் புகை டொராண்டோவரை வந்ததே, அப்போதுதான் மெர்வ் 8 போதவில்லை. புகைத் துகள்கள் மிக நுண்ணியவை, 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ளவற்றில் பாதியையாவது பிடிப்பது மெர்வ் 13 தான். அவசரத்துக்கு அதையே திரும்பப் போட்டு, தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ஆட்டோவிலிருந்து ஆனுக்கு மாற்றினேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபேன் ஓடாதபோது எந்த ஃபில்டரும் வெறும் அட்டைதான். மூன்று வாரத்தில் வெள்ளைத் துணி பழுப்பானது.

அந்த இலையுதிர்காலத்தில் ரிட்டர்ன் டக்டை, அதாவது வீட்டுக் காற்று ஃபர்னஸுக்குத் திரும்பி வரும் தகரக் குழாயை, வெட்டி 4 இன்ச் ஃபில்டர் பெட்டி பொருத்தச் சொன்னேன். செலவுதான், ஆனால் மொத்த அனுபவத்தில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றே. அதே மெர்வ் 13, மடிப்பு ஆழம் என்பதால் காற்று தாராளமாகப் போகிறது, இரண்டு குளிர்காலமாக லிமிட் ஸ்விட்ச் ஒருமுறைகூட விழவில்லை, வருஷத்துக்கு இரண்டு ஃபில்டர் போதும். ஒரே எரிச்சல், அட்டையில் 16-க்கு 25-க்கு 4 என்று போட்டிருந்தாலும் உண்மை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதலில் வாங்கியது லொடலொடத்தது, ஓரத்தில் கறுப்பாக ஒரு தூசிக் கோடு. காற்று சந்து வழியாகத் தப்பிப் போயிருக்கிறது. பழையதை அளவுகோலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அம்புக்குறி ஃபர்னஸைப் பார்க்க வேண்டும் (நான் ஒரு குளிர்காலம் முழுக்கத் தலைகீழாக வைத்திருந்தவன்).

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, "இவ்வளவு காசு போட்டும் மீன் குழம்பு வாடை மாடிக்கு வருதே" என்றார். வரும்தான் அம்மா. இது தூசியைப் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனைப் போட வேண்டும்.

மாற்றிய தேதியை ஃபில்டர் சட்டத்திலேயே மார்க்கரால் எழுதிவைக்கிறேன். இப்போது உள்ளே இருப்பதில் அக்டோபர் 12 என்று இருக்கிறது, கீழே மகள் வரைந்த ஒரு பூனையோடு.