கடற்கரை மணலில் கயாக் டிராலி: வீட்டிலேயே பழுது பார்த்தல், மாற்றியமைத்தல், நீண்டகாலப் பயன்பாடு

மடங்கும் அலுமினியச் சட்டம், இரண்டு சக்கரம், மேலே இரண்டு ஃபோம் மெத்தை, கயாக்கை (உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் குறுகலான சிறு படகு) சுற்றிக் கட்ட ஒரு பட்டை. கடையில் கிடைக்கும் கயாக் டிராலிகளில் பெரும்பாலானவை இவ்வளவுதான். ஏரிக்கரையிலும் சிமென்ட் தரையிலும் இவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கோவளம், முட்டுக்காடு மாதிரி இடங்களில் உப்புத் தண்ணீரும் காய்ந்த மணலும் சேரும்போதுதான் சிக்கல். பாரம் தாங்காமல் உடைந்த டிராலி குறைவு. உப்பும் மணலும் அரித்துத் தின்ற டிராலிதான் அதிகம். அதனால் எந்த மாற்றத்துக்கும் இரண்டே கேள்விகள்: துருப்பிடிக்கும் உலோகம் ஒன்றாவது குறைகிறதா? கையால் கழற்றிக் கழுவ முடிகிறதா?

கீழே உள்ள அளவுகள் சுமார் 3.6 மீட்டர் நீளமும் 28 முதல் 30 கிலோ எடையும் உள்ள பிளாஸ்டிக் சிட்-ஆன்-டாப் (உள்ளே இறங்காமல் மேலே உட்காரும் வகை) கயாக்கை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. துடுப்பு, இருக்கை, தண்ணீர், மிதவைச் சட்டை எல்லாம் ஏறினால் 40 கிலோ.

முதலில் போவது சக்கரத்தின் பேரிங். 10 இஞ்ச் காற்றுச் சக்கரங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பால் பேரிங் இருக்கும். ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் வகை போட்டாலும் கடல் தண்ணீரில் முக்கி எடுத்தால் உப்பு உள்ளே போய்விடும். சில வாரம் சும்மா கிடந்தால் குண்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். அதன் பிறகு சக்கரம் பேரிங்கில் சுற்றாமல் அச்சின் மேலேயே தேய்ந்து சுற்றும், அச்சில் பள்ளம் விழும். கிரீஸ் அடைத்தால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். திறந்த இடத்தில் இருக்கும் கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு அரைக்கத்தான் செய்யும்.

நடை வேகத்தில் இழுக்கும் வண்டிக்குப் பால் பேரிங்கே தேவையில்லை. அதை எடுத்துவிட்டு டெல்ரின் (தண்ணீரை அதிகம் உறிஞ்சாத கெட்டிப் பிளாஸ்டிக்) புஷ், அதாவது அச்சு சுற்றும் வெற்று உருளை, போடுவதுதான் இந்த வண்டியில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் என்பது என் உறுதியான கருத்து. மறுபக்கத்திலிருந்து ஒரு கம்பியை நுழைத்து, சுற்றிலும் மாற்றி மாற்றித் தட்டினால் பழைய பேரிங் வெளியே வரும். ஒரே பக்கம் தட்டினால் கோணலாகிப் பிளாஸ்டிக் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) விரிசல் விடும். வந்த பேரிங்கை வெர்னியரில் அளந்து பாருங்கள். பேரிங்கின் எண் 6202 என்றால் வெளி விட்டம் 35 மிமீ, அகலம் 11 மிமீ. லேத் பட்டறையில் டெல்ரின் ராடு கொடுத்து, வெளி விட்டம் ஹப்பில் இறுக்கமாக உட்காரும்படியும், உள் துளை அச்சை விட 0.2 மிமீ பெரிதாகவும், வெளி ஓரத்தில் 3 மிமீ காலர் (துருத்தும் விளிம்பு) விட்டும் கடையச் சொல்லுங்கள். சட்டத்தோடு ஹப் உரசாமல் அந்தக் காலர் பார்த்துக்கொள்ளும்.

டெல்ரின் கிடைக்கவில்லை என்று சாதாரண நைலானில் செய்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நைலான் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். பட்டறையில் வழுக்கிக்கொண்டு சுற்றிய சக்கரம் நாள் முழுக்க ஈரத்தில் கிடந்த பிறகு இறுகுவது இதனால்தான். நைலானுக்கு 0.4 மிமீ இடைவெளி விடுங்கள். எதுவானாலும் எண்ணெய், கிரீஸ் வேண்டாம். மணல் புகுந்தால் கிரீச்சிடும், ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றினால் நிற்கும். சைக்கிளுக்குப் பின்னால் கட்டிக் கிலோமீட்டர் கணக்கில் இழுப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்து வராது. அந்த வேகத்தில் புஷ் சூடாகித் தேயும். அவர்கள் பேரிங்கை வைத்துக்கொண்டு, கெட்டதும் மாற்றுவதே நல்லது.

அடுத்தது மணல். 8, 9 செமீ அகலமுள்ள டிராலி டயர் ஈர மணலில் ஓடும், காய்ந்த மணலில் புதையும். காற்றைக் குறைத்தால் கொஞ்சம் மிதக்கும். ஆனால் மிகவும் குறைத்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி, உள்ளே இருக்கும் டியூபைத் திருகி, வால்வின் அடியில் கிழித்துவிடும். பஞ்சர் ஒட்ட முடியாத இடம் அது. மெத்தென்ற மணலுக்குச் சரியான விடை 30 செமீ உயரமும் 18 செமீ அளவு அகலமும் உள்ள பலூன் சக்கரம்தான். அதில் 2 முதல் 4 பிஎஸ்ஐ வரைதான் காற்று. பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கைப்பம்பு போதும்.

இந்தக் குறைந்த அழுத்தத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ அடைத்த டயர் பூட்டிய காருக்குள் 60 டிகிரி வரை சூடானால் ஏறத்தாழ 34 ஆகும், பரவாயில்லை. அதே சூட்டில் 4 பிஎஸ்ஐ பலூன் சக்கரம் ஏறத்தாழ 6 ஆகிவிடும், ஒன்றரை மடங்கு. கணக்கில் வெளிக் காற்றின் 14.7 பிஎஸ்ஐயும் சேர்வதால் வரும் வித்தியாசம் இது. சக்கரம் உப்பி விரிந்து, ஹப்பின் ஓரத்தில் இழுபடும். காரில் ஏற்றும் முன்பே பாதிக் காற்றை இறக்கிவிடுங்கள்.

பலூன் சக்கரத்தை மட்டும் வாங்கிப் பழைய அச்சில் மாட்டுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. சட்டத்திலிருந்து டயரின் நடுப்பகுதி 5 செமீ தள்ளி இருந்தது, இப்போது 10 செமீ ஆகிறது. அச்சை வளைக்கும் விசையும் இரட்டிப்பாகிறது. நின்ற இடத்தில் 12 மிமீ இரும்புக் கம்பி இதைத் தாங்கும். கல்லில் ஏறி இறங்கும் குலுக்கலில் பாரம் பல மடங்காகும்போது மெதுவாக வளையத் தொடங்கும், சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாயும். 16 மிமீ எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடு வளையாமல் தாங்குவதில் 12 மிமீயை விட 2.37 மடங்கு பலம், கூடிய விசையை ஈடுகட்டிக் கொஞ்சம் மிச்சமும் வைக்கும். சக்கரத்துக்கு 10 செமீ வீதம் அச்சு 20 செமீ நீள வேண்டும். 52 செமீ இருந்தால் 72 செமீ. இந்த ராடின் எடை 1.1 கிலோவுக்கு மேல் வரும், அதற்கு வேறு வழியில்லை. 304 தரம் கடலோரத்தில் மேலே பழுப்புக் கறை பிடிக்கும், பலம் குறையாது. 316 தரம் கிடைத்தால் அந்தக் கறையும் பெரும்பாலும் இருக்காது.

பழைய 12 மிமீ துளையை 16 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். 25 மிமீ அலுமினியக் குழாயில் 16 மிமீ துளை போட்டால் இருபுறமும் 4.5 மிமீதான் மிஞ்சும். மடிந்து ஒடிவது அங்கேதான். அதற்குப் பதில், சமையலறையில் காய்கறி வெட்டும் வெள்ளை எச்டிபிஇ பலகையை 20 மிமீ தடிமனில் வாங்கி, 6 செமீக்கு 8 செமீ அளவில் இரண்டு துண்டு அறுத்து, 16 மிமீ துளை போட்டு, சட்டத்தின் கீழே துண்டுக்கு இரண்டு எம்6 எஸ்எஸ் போல்ட் கொண்டு பிடித்துவிடுங்கள். அச்சு அந்தக் கட்டைகளுக்குள் உட்காரும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அலுமினியமும் எஸ்எஸ்ஸும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கக்குவது அதுதான். பிளாஸ்டிக் கட்டை நடுவில் வந்துவிட்டால் அச்சுப் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. மற்ற போல்ட்டுகளுக்கு நைலான் வாஷர் இருபுறமும் போட்டு, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, குலுக்கலில் கழலாத நட்) வைத்து, குழாய் நசுங்காத அளவு மட்டும் இறுக்குங்கள். ஆடும் ரிவெட்டுகளை 5 மிமீ டிரில் போட்டு எடுத்துவிட்டு எம்5 போல்ட்டுக்கு மாறுங்கள். மறுபடி ரிவெட் அடித்தால் மறுபடி ஆடும்.

சக்கரம் அச்சிலிருந்து கழலாமல் நிறுத்தும் ஊசி 3 மிமீ எஸ்எஸ் ஆர்-பின் (R வடிவில் வளைந்த கம்பி), அச்சில் 4 மிமீ துளை. ஒவ்வொரு பின்னையும் ஒரு சாண் கயிற்றால் சட்டத்தோடு கட்டி வையுங்கள். மணலில் விழுந்துவிட்டால் அந்தப் பின் கிடைப்பதில்லை.

ஸ்கப்பர் ஓட்டைக்குள் இரண்டு குச்சி நுழையும் வகை டிராலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கயாக்கில் தண்ணீர் வடியும் அந்தக் குழாய்கள் பாரம் சுமக்கச் செய்யப்பட்டவை அல்ல. குச்சிகளின் இடைவெளி சில மிமீ பிசகினாலும், குலுக்கலில் குழாயின் ஓரத்தில் விரிசல் வரும். கயாக்கின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் நம்பகமாக ஒட்டாது. அதே பிளாஸ்டிக் கம்பியைச் சூட்டில் உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். அந்த வகைதான் கையில் இருக்கிறது என்றால், குச்சியின் அடியில் அகலமான ஃபோம் வைத்த தாங்கி ஒன்றைச் சேர்த்து, கயாக்கின் அடிப்பாகம் அதில் உட்காரும்படி செய்யுங்கள். குச்சி நகராமல் பிடிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். சாமான்களை ஏற்றிக்கொண்டு படிக்கட்டில் இறக்கவே வேண்டாம்.

மெத்தைக்கு ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் 40 கிலோவில் அமுங்கித் தட்டையாகிவிடும். தரையில் விரிக்கும் கெட்டியான ஈவிஏ ஃபோம் பாயே மேலானது. உப்புத்தாளால் இரண்டு பரப்பையும் சொரசொரப்பாக்கி, ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற பசையை இரண்டிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் வெயிலில் வழுக்கி இறங்கிவிடும்.

பட்டை 25 மிமீ பாலியஸ்டர், கேம் பக்கிள் (கையால் இழுத்தால் பட்டையைப் பற்றிக்கொள்ளும் பூட்டு). நைலான் பட்டை நனைந்தால் நீளும், பாலிபுரொபிலீன் வெயிலில் பொடியும். ராட்செட் (நெம்பி நெம்பி இறுக்கும் பூட்டு) வேண்டாம், வெயிலில் இளகிய கயாக்கில் பள்ளம் போட்டுவிடும். சுற்றுப் பட்டையோடு, டிராலிச் சட்டத்திலிருந்து கயாக்கின் முன்பக்கக் கொக்கி ஒன்றுக்கு ஒரு கயிறு கட்டுங்கள். மணலில் சக்கரம் தடுக்கும்போது டிராலி பின்னால் நழுவுவதை நிறுத்துவது அந்தக் கயிறுதான்.

டிராலியை எங்கே வைப்பது என்பதும் எளிய கணக்கு. பின்முனை அருகே, நீங்கள் தூக்கிப் பிடிக்கும் முன்முனையிலிருந்து 3.3 மீட்டரில் வைத்தால் 30 கிலோ கயாக்கில் 13.6 கிலோ உங்கள் கையில் தொங்கும். 2 மீட்டரில் வைத்தால் 3 கிலோதான். சரியாக நடுவில் வைத்தால் முன்முனை துள்ளும், அதனால் நடுவிலிருந்து ஒரு சாண் பின்னால் வைப்பதே சுகம்.

கரைக்கு வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, அச்சிலும் ஹப்பிலும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் காயவைப்பது மொத்தம் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்தால் புஷ் பல பருவங்கள் தாண்டும்.

குறைகளும் உண்டு. பலூன் சக்கரம் மாட்டிய டிராலி மடக்கினாலும் பெரிதுதான், கயாக்குக்குள் வைத்து எடுத்துப் போக முடியாது. சீமைக் கருவேல முள் சிதறிக் கிடக்கும் பாதையில் அதைக் கொண்டுபோவது ஆபத்து. அப்படிப்பட்ட பாதைக்குக் காற்றில்லாத பியூ (பாலியூரித்தேன் ஃபோம்) சக்கரம் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கும் அதே 16 மிமீ துளைக்கு புஷ் கடைந்து, சக்கரத்தின் வெளிப்பக்கம் 10 செமீ நீளமுள்ள 25 மிமீ பிவிசி குழாய்த் துண்டும் ஒரு வாஷரும் செருகினால், அதே அச்சில், அதே துளையில், அதே பின் உட்காரும்.