ஆறு வருஷம் கான்டனீஸ் படம் பார்த்த அனுபவம்: முதலில் ஆடியோவை மாற்றுங்கள்

ஹாங்காங் படம் என்றால் ரொம்ப நாள் எனக்கும் அடிதடிதான். புரூஸ் லீ, ஜாக்கி சான், அப்புறம் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு பாய்ந்து சுடுகிறவர்கள். முக்கால்வாசி டிவியில் தமிழ் டப்பிங்கில் பார்த்தவை, அதனால் அந்த ஊரில் என்ன மொழி பேசுகிறார்கள் என்றுகூட யோசித்ததில்லை. 2019இல் ஆன் ஹுய் இயக்கிய 'தி வே வி ஆர்' கண்ணில் பட்டது. அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்றாவது பார்த்துவிடுகிறேன், எல்லாம் சண்டை இல்லாத, ஊர் வாழ்க்கையைச் சொல்கிற, ஹாங்காங்கின் பேச்சுமொழியான கான்டனீஸில் வந்த படங்கள், ஆவணப்படங்கள். ஆறு வருஷம் ஆகிவிட்டது, எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

அந்த முதல் படம் 2008இல் வந்தது. தின் ஷுய் வாய் என்ற புறநகரில் நடக்கிறது, ஹாங்காங்கின் வடமேற்கு ஓரம், பார்க்கும் திசையெல்லாம் அடுக்குமாடி. அங்கே நடந்த குடும்பக் கொலைகளாலும் தற்கொலைகளாலும் பத்திரிகைகள் அதற்குச் 'சோக நகரம்' என்றே பெயர் வைத்திருந்தன. ஆனால் படத்தில் கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை. கணவனை இழந்த ஒரு அம்மா சூப்பர் மார்க்கெட்டில் டுரியான் பழம் வெட்டுகிறார், பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் பையன் வீட்டில் படுத்துக் கிடக்கிறான், அதே கட்டடத்துக்குத் தனியாகக் குடிவந்த ஒரு பாட்டி கொஞ்சமாக மாட்டிறைச்சி வாங்கிக் கீரையோடு வதக்கித் தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அந்தப் பாட்டிக்குப் பல்பு மாட்ட ஆள் வேண்டும், புது டிவியைத் தூக்கிவர ஆள் வேண்டும், பையன் போகிறான். இவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து இதில் என்னதான் நடக்கப்போகிறது என்று நினைத்தவன், முடியும்போது மூன்று பேரையும் விட்டுப் பிரிய மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். (அடுத்த வருஷமே அதே ஊரில் நடந்த ஒரு குடும்பக் கொலையை வைத்து 'நைட் அண்ட் ஃபாக்' எடுத்தார் ஆன் ஹுய். இரண்டையும் பார்க்க நினைத்தால் இதை முதலில் பாருங்கள்.)

இப்போது முக்கியமான விஷயம், ஆடியோ.

இரண்டாவதாகப் பார்த்த படத்தை ஒரு ஓடிடி தளத்தில் பார்த்தேன். ஏதோ ஒட்டவில்லை. வாய் அசைவது ஒன்று, காதில் விழுவது ஒன்று, காய்கறி விற்கிற அம்மாவும் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசுகிறார். அது சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் செய்த டப்பிங் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் மூன்று படம் ஆனது, ஏனென்றால் அந்தத் தளம் மொழி என்ற இடத்தில் 'சீனம்' என்று மட்டும் போட்டிருந்தது. கான்டனீஸ், மாண்டரின் இரண்டும் சீனம்தான், ஆனால் ஒன்றைப் பேசினால் மற்றவருக்குப் புரியாது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, படத்தில் யாராவது நன்றி சொல்லும்வரை காத்திருங்கள். 'ஷியேஷியே' என்றால் மாண்டரின், உடனே ஆடியோவை மாற்றுங்கள். கான்டனீஸில் 'ம்கோய்' என்பார்கள், அல்லது 'தோச்சே' என்பார்கள். டீ கொண்டுவந்து வைத்தவருக்கும் வழிவிட்டவருக்கும் 'ம்கோய்', பரிசோ பணமோ கொடுத்தவருக்குத் 'தோச்சே'. இந்த வேறுபாடு காதில் பிடிபட்டதிலிருந்து யார் யாருக்குக் கடன்பட்டிருப்பதாக நினைக்கிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரிய ஆரம்பித்தது. சப்டைட்டிலில் இரண்டும் ஒரே நன்றிதான்.

இன்னொன்று, வாக்கியத்தின் வால். நாம் 'வாயேன்', 'சரிப்பா', 'போயிட்டாரில்ல' என்று கடைசியில் எதையாவது ஒட்டித்தானே மனசைச் சொல்கிறோம்? கான்டனீஸிலும் அப்படியே. லா, லோ, வோ, மே, ஆ என்று ஏகப்பட்ட வால்கள். கெஞ்சுவது, அலுத்துக்கொள்வது, சந்தேகப்படுவது எல்லாம் அந்த ஓரெழுத்தில்தான் இருக்கிறது. டப்பிங்கில் இது மொத்தமும் போய்விடுகிறது. ஒருவரை ஒருவர் பார்த்ததும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதும் அங்கே உண்டு. ஒரு படத்தில் அதை ஆங்கிலத்தில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று மாற்றியிருந்தார்கள், எனக்கு வருத்தமாக இருந்தது.

சப்டைட்டில் பற்றியும் சொல்லவேண்டும். ஹாங்காங் படங்களில் கீழே சீனமும் ஆங்கிலமும் இரண்டு வரியாகச் சேர்ந்தே வருவது வழக்கம். அந்தச் சீன வரியை வைத்து நாலு வார்த்தை கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினேன், சரிப்பட்டு வரவில்லை. பேசுவது கான்டனீஸ், எழுதுவது பெரும்பாலும் பொது எழுத்துச் சீனம். வாய் 'ம்ஹாய்', அதாவது 'இல்லை', என்கிறது, எழுத்தில் மாண்டரின்காரர் 'பூஷீ' என்று படிக்கிற எழுத்துகள் நிற்கின்றன. நமக்கு இது புதிதல்ல, பேசுகிறபடியா எழுதுகிறோம்? ஆனால் நான்கு மாதம் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது. காதை நம்பிக் கற்றுக்கொள்ளுங்கள்.

அம்மாவோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கியது 'எ சிம்பிள் லைஃப்' படத்தில். 2011இல் வந்தது, இதுவும் ஆன் ஹுய்தான். ஒரே குடும்பத்தில் பல தலைமுறைகளுக்குச் சமைத்துப்போட்ட வேலைக்கார அம்மாள் பக்கவாதம் வந்து விழுகிறார், தன்னை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்லி அவரே கேட்கிறார், அவர் வளர்த்த பையன், இப்போது நடுவயதுக்காரர், இல்லத்துக்கு வந்துவந்து போகிறார். தயாரிப்பாளர் ரோஜர் லீ வீட்டில் உண்மையில் நடந்த கதை. வேலைக்கார அம்மாளாக நடித்த டீனி இப்புக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஆனால் சந்தையில் அந்த அம்மாள் பூண்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பொறுக்கும் காட்சியில் நான் சொல்ல எதுவும் இல்லை. "இவ ஒருத்தி சமைச்சாத்தான் அந்த வீட்ல சாப்பாடு" என்றார் அம்மா. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்தப் பையன் மாட்டு நாக்கு கேட்க, அந்த அம்மாள் கொடுக்கமாட்டேன் என்று சொல்லும் இடத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. இல்லத்தில் யாரோ உறவு கேட்கும்போது பையன் "ஞானத்தாய்" என்கிறார். அந்தப் பொய்யை இவ்வளவு மெல்லச் சொல்ல முடியும் என்று அதற்குமுன் நான் நினைத்ததில்லை.

தொலைந்துகொண்டிருக்கும் இடங்களைப் பிடித்துவைப்பதில் இந்தப் படங்களுக்கு ஒரு தவிப்பு இருக்கிறது. 'எக்கோஸ் ஆஃப் தி ரெயின்போ' 1960களின் செருப்புத் தைக்கும் குடும்பம் ஒன்றின் கதை, எனக்குக் கண்ணீர் கொஞ்சம் அதிகம். ஆனால் அதைப் படமெடுத்த விங் லீ தெரு இடிபட இருந்தது, 2010இல் பெர்லின் திரைப்பட விழாவில் படத்துக்குக் கிரிஸ்டல் பேர் விருது கிடைத்து ஊர் பேச ஆரம்பித்தபின் தெருவை அப்படியே விட முடிவெடுத்தார்கள். ஒரு தெருவையே காப்பாற்றிய படம், அதற்காகவே பார்க்கலாம். 'எ லைட் நெவர் கோஸ் அவுட்' நியான் பலகை செய்தவரின் மனைவி பற்றியது, சில்வியா சாங் நடித்தது. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைக்கும் வேலையை அருகில் வைத்துக் காட்டுகிறார்கள். நியான் மாஸ்டரை 'சிஃபூ' என்கிறார்கள், டாக்சி ஓட்டுபவரும் குழாய் சரிசெய்பவரும்கூடச் 'சிஃபூ'தான், டீக்கடையில் நாம் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவது மாதிரி.

ஆவணப்படங்களில் என்னை மிகவும் பிடித்துவைத்தது 'பாம்பூ தியேட்டர்', 2019. தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஆடும் கான்டனீஸ் கூத்துக்காக மூங்கிலைக் கட்டிக்கட்டியே ஒரு பெரிய கொட்டகை எழுப்புகிறார்கள், சில நாள் ஆட்டம், அப்புறம் பிரித்துவிடுகிறார்கள். பின்னணியில் யாரும் விளக்கம் சொல்வதில்லை. மூங்கில் மோதும் சத்தம், தாளம், மேடைக்குப் பின்னால் முகத்துக்குச் சாயம் பூசும் கைகள். இந்தக் கூத்து 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ஆனால் அந்தச் செய்தி சொல்லாததைக் கொட்டகை சொல்கிறது. இரவில் ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.

குறைகள் உண்டு. பழைய படங்களின் டிவிடி கிடைப்பதில்லை, இருக்கும் தளங்களில் பட்டியலில் இருந்தது திடீரென்று காணாமல் போகிறது, ஆவணப்படங்களைத் திரைப்பட விழாக்களின் ஆன்லைன் காட்சிகளுக்குக் காத்திருந்துதான் பிடிக்கவேண்டும். வாடகைக்கு எடுத்த ஒரு படத்தில் சப்டைட்டில் ஐந்து நொடி தள்ளி வந்தது, புகார் எழுதினேன், பதிலே இல்லை.

சமீபத்தில் பார்த்ததில் எல்லோருக்கும் சொல்வது 2024இன் 'தி லாஸ்ட் டான்ஸ்'. கல்யாண ஏற்பாட்டு வேலை படுத்துவிட்டதால் ஈமக்கிரியைத் தொழிலுக்கு வருகிறார் ஒருவர், அங்கே தாவோயிசம் என்ற சீன மதத்தின் பழைய பூசாரி ஒருவர் இருக்கிறார். நடுவில் தீ, சுற்றி ஒன்பது ஓடுகள், வாளால் ஒவ்வொன்றாக உடைத்து ஆவியை நரகத்திலிருந்து கூட்டிவரும் சடங்கு. பெண்ணுக்கு அந்தச் சடங்கில் இடமில்லை, பூசாரியின் மகளுக்கோ அதுதான் வேண்டும், மகனுக்கு வேண்டாம். 15 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் வசூல், உள்ளூர்ப் படங்களில் அதுவரை எதுவும் அவ்வளவு வசூலித்ததில்லை. பூசாரியாக வரும் மைக்கேல் ஹுய் 1970களில் ஊரையே சிரிக்கவைத்த நடிகர், இதில் ஒரு தடவைகூடச் சிரிப்புக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அதை அம்மாவோடு பார்த்தபோது வழக்கம்போல ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தினேன். பாதியில், அப்பாவும் மகளும் சமையலறையில் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டு நிற்கிற நேரத்தில், அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "நீ சொல்லாதடா, கேட்குது."