வன்னி வெயிலில் வேகன் ஆர்: ஏசி குடிக்கும் பெற்றோல்

2016 ஆம் ஆண்டில் ஜப்பானில் தயாரான சுசுகி வேகன் ஆர் எப்.இசட் கார் ஒன்றைக் கிளிநொச்சியில் ஏழு வருடங்களாக ஓட்டி வருகிறேன். இந்த வாகனத்தை வாங்க நினைத்து என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பதைத்தான். "ஏசி போட்டா, போடாமலா, எந்த ஓட்டத்தில்?" என்று நான் திருப்பிக் கேட்டால், பிடிகொடுக்காமல் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் பின் ஆசனத்தில் எவரும் இருக்க முடியாத இந்த ஊரில், அதைத் தெரியாமல் சொல்லப்படும் எந்தக் கணக்கும் வாங்குகிறவருக்குப் பயன்படாது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே நிரப்பு நிலையத்தில் ராங்கை நிறைத்து, ஓடிய தூரத்தையும் அடுத்த முறை நிறைக்கும்போது பிடித்த பெற்றோலையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 75 கிலோமீற்றரை 60 முதல் 70 வரையான வேகத்தில் ஓடும்போது, ஏசி இல்லாமல் லீற்றருக்கு 22 கிலோமீற்றரும் ஏசியுடன் 19.5 கிலோமீற்றரும் கிடைத்தன. அதாவது வவுனியாவுக்கு ஒருமுறை குளிராகப் போய்ச் சேர்வதற்கான செலவு அரை லீற்றருக்கும் குறைவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, சந்தைக்குப் போய், வங்கி வாசலில் காத்து நின்று வீடு திரும்பும் அன்றாட 12 கிலோமீற்றரில் கதை வேறு. ஏசி இல்லாமல் 16 ஓடிய வாகனம் ஏசியுடன் 12 மட்டுமே ஓடியது. நாளுக்குக் கால் லீற்றர் மேலதிகம். இரண்டு நாள் சந்தைக்குப் போய் வந்தால் வவுனியாப் பயணத்தின் ஏசிச் செலவு முடிந்துவிடுகிறது.

ஏசி பெற்றோலைத் தூரத்தைப் பார்த்து எடுப்பதில்லை, மணிக்கூட்டைப் பார்த்து எடுக்கிறது. ஏசியின் காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரை எஞ்சின் ஒரு பெல்ற் வழியாகச் சுற்றுகிறது. வண்டி 70 இல் ஓடினாலும் வாசலில் நின்றாலும் அந்தச் சுமை எஞ்சினின் மேல் இருக்கிறது. வேகமாக ஓடும்போது ஒரு மணி நேரச் செலவு 60 கிலோமீற்றருக்குப் பங்கிடப்படுகிறது. ஊருக்குள் அதே செலவு 20 கிலோமீற்றரின் தலையில் விழுகிறது. இந்த வாகனத்தின் எஞ்சின் 658 சிசி அளவான சிறிய எஞ்சின் என்பதால், பெரிய கார் ஒன்றுக்கு உறைக்காத சுமை இதற்கு நன்றாகவே உறைக்கிறது. கொம்பிரசர் பிடிக்கும் கணத்தில் கால் மிதியிலேயே அதை உணரலாம். வெயிலில் நின்று கொதித்த வாகனத்தின் உட்புறத்தை முதல் பத்து நிமிடங்களில் குளிராக்குவதுதான் மிகக் கடினமான வேலை. அன்றாட ஓட்டங்களோ அந்தப் பத்து நிமிடங்களோடேயே முடிந்துவிடுகின்றன.

"ஹைபிரிட் வாகனம்தானே, ஏசி பற்றரியில் ஓடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். ஓடாது. எப்.இசட்டில் இருக்கும் சிறிய மோட்டர் எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கும், வேகமெடுக்கையில் சற்றுக் கைகொடுப்பதற்கும் மட்டுமே உரியது. டொயோட்டா அக்குவாவில் கொம்பிரசரே மின்சாரத்தில் இயங்குவதால் எஞ்சின் நின்றாலும் குளிர் வரும், எனினும் அந்த மின்சாரமும் கடைசியில் பெற்றோலிலிருந்தே வருகிறது. (அக்குவா வைத்திருப்பவர்கள் சிக்கனம் என்று எண்ணி ஏசியை நிறுத்திவைப்பது நல்லதல்ல, பின் ஆசனத்தின் கீழிருக்கும் பற்றரி, வாகனத்தின் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துத்தான் சூடு ஆறுகிறது.) வேகன் ஆரில் அதற்கு ஈடாகச் சுசுகி செய்திருப்பது, குளிரைச் சேமிக்கும் ஒரு பொருளை ஏசியின் உட்பகுதிக்குள் வைத்திருப்பது. ரயில் கடவையில் எஞ்சின் தானாக நின்றதும், சற்று நேரத்துக்கு அந்தச் சேமிப்பிலிருந்து குளிர் காற்று வரும். மார்கழியில் இது அருமையாக வேலை செய்கிறது. சித்திரையிலோ ரயில் வந்து சேருமுன்னரே எஞ்சின் உறுமிக்கொண்டு எழும்பிவிடுகிறது.

கண்ணாடியை இறக்கி ஓடினால் மிச்சம்தானே என்பதற்கு, ஊருக்குள் ஆம் என்பதே பதில். நெடுவீதியில் அப்படியல்ல, வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். உயரமான பெட்டி வடிவமுள்ள இந்த வாகனத்தில், சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் 70 இல் கண்ணாடி திறந்து ஓடியபோது மிச்சம் பிடித்தது மிகச் சொற்பம். காதும் கண்ணும் பட்ட பாடு அதிகம்.

இவை எல்லாவற்றையும்விட என் பெற்றோலைத் தின்றது புழுதி. இரண்டு வருடங்களுக்கு முன், வேலை காரணமாக ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிறவல் வீதிகளில் தொடர்ந்து ஓடினேன். சில மாதங்களில் குளிர் குறைந்தது. ஏ9 ஓட்டமும் 17 க்கு இறங்கியது. ஒரு கராஜில் காட்டினேன். காஸ் குறைவு என்று நிரப்பிவிட்டார்கள். ஆறு வாரத்தில் மறுபடி குளிர் போனது; மறுபடி நிரப்பினார்கள், மறுபடி காசு வாங்கினார்கள். மூடிய சுற்றில் ஓடும் காஸ் எங்கே போகிறது என்று அவர்களும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் முறை வேறொருவரிடம் போனேன். அவர் அளவுமானியை எடுக்குமுன் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் குழாய் பொருந்தும் இடத்தை விரலால் தடவிக் காட்டினார். மற்ற இடங்களில் உலர்ந்திருந்த புழுதி அங்கே மட்டும் பிசுபிசுத்துக் கறுத்திருந்தது. காஸ் கசியும்போது கொம்பிரசர் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு வரும் என்பதால், அந்தக் கறையே ஓட்டையின் முகவரி என்றார். பொருத்தியை மாற்றிய பின் கண்டென்சரின் மேல் மெல்லத் தண்ணீர் விட்டார். தேநீர் நிறத்தில் கிறவல் மண் வழிந்துகொண்டே இருந்தது. வெளிக்காற்றில் சூட்டை விடவேண்டிய அந்தத் தகடுகள் அடைபட்டால், கொம்பிரசர் ஓயாமல் ஓடும். ஓடினாலும் குளிர் வராது. முன்னாலுள்ள சிறு பெட்டியைக் கழற்றி அதன் பின்னிருந்த காற்று வடிகட்டியை உருவியபோது, வேப்பம் சருகும் சிவப்புத் தூளும் என் மடியில் கொட்டின. அந்த மாதக் கொப்பியில் மீண்டும் 19 க்கு மேல் எழுதினேன்.

2022 ஜூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, பின்னர் கியூஆர் குறியைக் காட்டி எரிபொருள் பங்கிடும் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது நான் பழகிய சில வழக்கங்கள் இன்னும் விடவில்லை. போர்க்காலத்தில் காபரேற்றருக்குச் சில சொட்டுப் பெற்றோல் ஊட்டி எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய தலைமுறைக்கு இது புதிதும் அல்ல. வேம்பின் நிழல் தேடி நிறுத்துவேன். ஏறியதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, ஒரு நிமிடம் ஓடிச் சூட்டை வெளியேற்றிய பிறகே ஏசியைப் போடுவேன். உட்காற்றையே சுற்றும்படி வைத்து, குளிரை 22 பாகையில் அல்லாமல் 26 இல் நிறுத்துவேன். முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கி வரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர் காட்டும் வழக்கத்தை மட்டும் வீட்டில் இன்னும் நிறுத்த முடியவில்லை.

இந்த வாகனத்தைப் பற்றிய என் மதிப்பீடு, வன்னியின் தட்டையான நெடுவீதிகளில் ஏசியோடும் தாராளமாக ஓட்டத்தக்க சிக்கனமான வாகனம் என்பதே. பின்னால் இருப்பவர்களுக்குத் தனிக் குளிர் வாய் இல்லை என்பது குறை. அதற்காக விசிறியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பழைய வாகனமாக வாங்குகிறவர்கள் காலைக் குளிரில் போய்ப் பார்க்க வேண்டாம். மதியம் ஒரு மணிக்குப் போய், வெயிலில் நிறுத்திக் கண்ணாடிகளை மூடி, ஏசியைப் போட்டுக் கால் மணி நேரம் உள்ளே இருந்து, கொம்பிரசர் பிடித்து விடும் சத்தத்தைக் கேளுங்கள். அந்த நேரத்துக்குள் அது ஒரு தடவைகூட ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தால், முன் வலையின் ஊடாகக் கண்டென்சரைப் பார்த்துவிட்டு அதன் பிறகு விலை பேசுங்கள்.