மதுரையிலிருந்து கிளிமஞ்சாரோ: மரங்குவா, மச்சாமேயா, லெமோஷோவா?

ஆப்பிரிக்காவில் தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலையில் ஏறப் போகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு முன்னால் எந்தப் பாதை என்று முடிவு செய்துவிட வேண்டும். செலவு, நாள்கள், படுக்கிற இடம், உச்சியைத் தொடும் வாய்ப்பு எல்லாமே பாதையைப் பொறுத்து மாறும். ஏஜென்டுகளிடம் விசாரித்தால் பெரும்பாலும் நான்கு பெயர்கள் காதில் விழும்: மரங்கு, மச்சாமே, லெமோஷோ, ரொங்காய். உம்ப்வே என்று இன்னொன்றும் உண்டு. மிகவும் செங்குத்து, உடம்பு பழக நேரமே தராது. முதல் தடவை போகிறவர்கள் அதை மறந்துவிடலாம்.

நான்கிலும் கயிறு கட்டி ஏறும் வேலை கிடையாது, நடைதான். கைடு இல்லாமல் ஏற அனுமதி இல்லை என்பதும் நான்குக்கும் பொது. அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? என் கணக்கு உயரம்தான். மதுரை கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 100 மீட்டர் மேலே இருக்கிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2695 மீட்டர். மரங்கு பாதையில் முதல் இரவு தங்கும் மண்டாரா குடிலோ 2720 மீட்டரில் இருக்கிறது. அதாவது, நாம் பயிற்சிக்குப் போகக்கூடிய எந்த மலையையும் முதல் நாள் சாயங்காலமே தாண்டிவிடுகிறோம். கிளிமஞ்சாரோவின் உச்சியான உஹுரு 5895 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதி அளவுதான். எத்தனை மாதம் ஓடிப் பழகினாலும் இதற்கு ஈடாகாது. உடம்புக்கு மலையிலேயே நாள்கள் வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலில் அடிபடுவது மரங்கு 5 நாள் பேக்கேஜ். விலை குறைவு, விடுமுறையும் குறைவாகப் போதும் என்பதால் பலரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மரப் படுக்கைகள் கொண்ட குடில்களில் தூங்கலாம் என்ற வசதி இந்த ஒரு பாதையில் மட்டும்தான் உண்டு. மழையில் டென்ட் நனையுமோ என்ற கவலை இல்லை. ஆனால் ஏற்றத்தைப் பாருங்கள்: இரண்டாம் இரவு ஹொரொம்போவில் 3720 மீட்டர், மூன்றாம் நாள் கிபோ குடிலில் 4700 மீட்டருக்கு மேல், அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். தலைவலியும் வாந்தியுமாகத் திரும்புகிறவர்களுக்குக் காலில் பலம் இல்லாமல் போவதில்லை; நாள்தான் போதவில்லை. மரங்குதான் வேண்டும் என்றால் ஹொரொம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் 6 நாள் திட்டத்தை எடுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள், டென்டில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்கிறவர்களுக்கு அது நியாயமான தேர்வு. ஏறிய வழியிலேயே இறங்குவதால் காட்சி மாறாது என்பது சின்னக் குறை.

மச்சாமே நேர் எதிர். எல்லா இரவும் டென்டில்தான். ஏற்ற இறக்கம் அதிகம், கூட்டமும் அதிகம். ஆனாலும் மரங்குவை விட இதையே நான் மேலே வைப்பேன், காரணம் லாவா டவர். எரிமலைக் குழம்பு இறுகி நிற்கும் அந்தப் பாறைத் தூண் ஏறக்குறைய 4600 மீட்டரில் இருக்கிறது. பகலில் அதுவரை ஏறி, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரவு தூங்க 4000 மீட்டருக்குக் கீழே பரங்கோ முகாமுக்கு இறங்கிவிடுவார்கள். உயரத்தை உடம்புக்குக் காட்டிவிட்டுத் தாழ்வான இடத்தில் தூங்க வைக்கும் இந்த முறைதான் பழக்கப்படுத்த நல்ல வழி. மறுநாள் காலை பரங்கோ சுவர் வரும். கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய பாறைச் சரிவு. படத்தில் பார்த்தால் பயமாக இருக்கும், நேரில் அவ்வளவு இல்லை. கீழக்குயில்குடி சமணர் மலையிலோ யானைமலையிலோ பாறையில் ஏறி இறங்கியவர்களுக்கு இது சிரமமே இல்லை. 6 நாள், 7 நாள் என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். கரங்கா முகாமில் ஓர் இரவு தங்கும் 7 நாள்தான் சரி.

லெமோஷோ மேற்கிலிருந்து தொடங்குகிறது. மலையடிவார ஊரான மோஷியிலிருந்து தொடக்க இடத்துக்கே வண்டியில் நீண்ட பயணம். முதல் இரண்டு நாள் கூட்டம் குறைவான மழைக்காடும் ஷிரா பீடபூமியும். கிளிமஞ்சாரோ என்பது ஷிரா, மவென்சி, கிபோ என மூன்று எரிமலைகள் சேர்ந்தது. முதல் இரண்டும் அணைந்துவிட்டன. நாம் ஏறும் கிபோ உறக்கத்தில் இருக்கிறது. ஷிராவின் இடிந்த உச்சிதான் இந்தப் பீடபூமி. அதற்குப் பிறகு மச்சாமேயோடு சேர்ந்து அதே லாவா டவர், அதே பரங்கோ. 8 நாள் ஆகும், பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் என்பதால் செலவும் ஏறும். ஆனால் இவ்வளவு தூரம் விமான டிக்கெட் போட்டுப் போய்விட்டு ஒரு நாள் கட்டணத்தை மிச்சம் பிடித்து உச்சியைக் கோட்டைவிடுவது எனக்குப் புரியவில்லை. காசும் லீவும் இருந்தால் லெமோஷோ. ஒன்றில் இழுபறி என்றால் 7 நாள் மச்சாமே.

ரொங்காய் எப்போது வரும்? மழை பயம் இருக்கும்போது. கென்ய எல்லைப் பக்கமான வடக்குச் சரிவில் இருப்பதால் மழை குறைவு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் நாம் காய்வது போலத்தான். நடை மெதுவாக ஏறும், மவென்சியின் அடியில் உள்ள குளக்கரை முகாம் வழியாகப் போகும் 7 நாள் திட்டம் நன்றாக இருக்கும். இறங்குவது மரங்கு வழியாக.

சரி, எப்போது போவது? நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை இதற்கு உதவாது. மார்ச் நடுவிலிருந்து மே வரை அங்கே பெருமழை, நவம்பரில் சிறுமழை. எனவே சித்திரைத் திருவிழாவை நிம்மதியாக ஊரிலேயே பாருங்கள். பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை நல்ல காலம், ஜூனிலிருந்து அக்டோபர் வரையும் அப்படியே. காலாண்டு விடுமுறையில் போனால் புரட்டாசி விரதம் குறுக்கே வரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்கூட்டியே சொன்னால் மலைச் சமையல்காரர்கள் சோறு, சப்பாத்தி, காய்கறி, சூப் என்று சைவமாகவே போடுவார்கள்.

பயிற்சியைப் பொறுத்தவரை ஏறுவதை விட இறங்குவதைப் பழகுங்கள். மச்சாமேயிலும் லெமோஷோவிலும் உச்சி தொட்ட அன்றே ம்வேக்கா முகாம் வரை இறங்க வேண்டும், கிட்டத்தட்ட 2800 மீட்டர். முட்டி பேசும். அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை ஏறி இறங்குவது தொடக்கத்துக்குப் போதும். அப்புறம் சதுரகிரி, முதுகில் பையோடு. உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையை நீங்களாகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால் டாக்டரிடம் போங்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபியில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு உள்ள டிக்கெட் என்றால் தான்சானியாவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். முறுக்கு, ஊறுகாயைப் பிளாஸ்டிக் கேரி பையில் கட்ட வேண்டாம். 2019 ஜூன் முதல் அந்த நாட்டில் அவற்றுக்குத் தடை.

கடைசியாக விலை. ஒரே 7 நாள் மச்சாமேக்கு இரண்டு பேர் சொல்லும் தொகையில் பெரிய வித்தியாசம் இருந்தால், குறைத்துச் சொன்னவரிடம் போர்ட்டர் கூலி எவ்வளவு, ஓர் ஆள் எத்தனை கிலோ தூக்குகிறார் என்று கேளுங்கள். 20 கிலோதான் வரம்பு. பூங்காக் கட்டணத்தில் யாரும் தள்ளுபடி தர முடியாது. குறைத்த பணம் சாப்பாட்டிலோ அந்த ஆள்களின் கூலியிலோதான் வெட்டப்பட்டிருக்கும்.