பனி கட்டும் ஏ.சி.க்கு கேஸ் நிரப்பச் சொன்னால் நம்பாதீர்கள்: வேலூர்வாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை

ஏ.சி.யின் உட்புற யூனிட்டில் பனி படிகிறது, காற்று குறைந்துகொண்டே வருகிறது, அணைத்தால் தண்ணீர் சுவரோடு வழிகிறது என்று ஆளைக் கூப்பிட்டால், வருகிறவர் முதலில் சொல்வது "கேஸ் குறைந்துவிட்டது" என்பதாகத்தான் இருக்கும். பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் இதே காரணத்தைச் சொல்லி ஒரே கோடையில் இருமுறை பணம் வாங்கினார்கள். கேஸ் குறையவே இல்லை.

கத்திரி வெயில் நேரம். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விடுகின்றன. வீட்டில் இதய நோயாளியான அம்மா இருக்கிறார். எத்தனை பணம் கேட்டாலும் கொடுத்துச் சரிசெய்ய நினைக்கும் வேளை அது. அந்த அவசரத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

வந்த இளைஞர் மூடியைத் திறந்தார். காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயில் முழுவதும் வெள்ளையாக உறைந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் பனியைச் சுரண்டினார். மெல்லிய அலுமினியத் தகடுகள் நசுங்கின. உள்ளே இருக்கும் குழாயில் முனை பட்டிருந்தால் காயிலே போயிருக்கும். பிறகு மாடிக்குப் போய், வெளி யூனிட்டில் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டி முள்ளைக் காட்டினார்.

"பாருங்கள் சார், 85தான் காட்டுகிறது. 130 இருக்க வேண்டும்."

"எங்கே போயிற்று கேஸ்?"

"ஓடுகிற மெஷின் சார், வருடா வருடம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்."

3,200 ரூபாய். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்புறம் தொகையைக் கிறுக்கிக் கொடுத்தார். சில நாட்களிலேயே மீண்டும் பனி. மறுபடியும் அவரே வந்தார், மறுபடியும் கேஸ், மறுபடியும் பணம். அதற்குப் பிறகும் உறைந்தபோது, "கம்ப்ரசர் பலவீனமாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள், பழையதை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். ஐந்து வயதுகூட ஆகாத இயந்திரம்!

அப்போதுதான் காட்பாடியிலிருந்து பெரியப்பா வந்தார். குளிர்சாதன வேலையிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்றவர். உறைந்த யூனிட்டைப் பார்த்ததும், "கூலிங்கை நிறுத்தப்பா. ஃபேன் மட்டும் ஓடட்டும். பனி முழுக்கக் கரைந்த பிறகு பார்க்கலாம்" என்றார். உறைந்த நிலையில் ஓட்டினால் ஆவியாக வேண்டிய கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பி அதையே உடைத்துவிடும் என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பனி கரைந்ததும் டார்ச் அடித்து ப்ளோயரைக் காட்டினார். உருளையாக இருக்கும் அந்தக் காற்றாடியின் ஒவ்வோர் இதழிலும் தூசி அப்பி, வளைவே தெரியாமல் மூடியிருந்தது. ஃபில்டரை நாங்கள் தவறாமல் கழுவுகிறோம். ஆனால் ஃபில்டரைத் தாண்டிப்போகும் நுண்தூசி ப்ளோயரில்தான் தங்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை அருகே குடியிருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த கேஜ் எப்படி 85 காட்டியது என்பதுதான் இந்தப் பதிவில் முக்கியமானது. காயிலின் மேல் போதிய காற்று ஓடாவிட்டால் கேஸுக்கு அறையின் வெப்பம் கிடைக்காது. வெப்பம் கிடைக்காவிட்டால் அழுத்தம் விழும். வீட்டு ஏ.சி.களில் இருக்கும் ஆர்-32, ஆர்-410ஏ என்ற கேஸ் வகைகள் இரண்டுமே, கேஜில் அழுத்தம் சுமார் 100 பி.எஸ்.ஐ.க்கு (கேஜ் காட்டும் அழுத்த அலகு) இறங்கும்போது காயிலில் பூஜ்ய டிகிரிக்கு வந்துவிடும். அதற்குக் கீழே போனால் காயிலில் படியும் ஈரம் பனியாகிவிடும். பனி இருக்கிற காற்றையும் அடைக்கும், அழுத்தம் இன்னும் விழும். ஆகவே உறைந்து கிடக்கும் ஏ.சி.யில் கேஸ் முழுதாக இருந்தாலும் முள் கீழேதான் நிற்கும். அதைக் காட்டிப் பணம் கேட்பது நோயாளியை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டுக் காய்ச்சல் பார்ப்பது போன்றது.

வருடா வருடம் குறையும் என்பதும் பொய். ஏ.சி.யில் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. வண்டி பெட்ரோலைப் போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவு எங்கே என்று காட்டாமல் கேஸை மட்டும் நிரப்பினால் அதுவும் வெளியே போய்விடும். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவியாவது காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் அங்கே சந்தேகப்படலாம். பனி எங்கே படிகிறது என்றும் பாருங்கள். வெளி யூனிட்டை ஒட்டிய மெல்லிய குழாயிலும் காயிலின் ஒரு மூலையிலும் மட்டும் படிந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். காயில் முழுவதும் உறைந்து தடித்த குழாயிலும் பனி ஏறியிருந்தால் முதலில் காற்றோட்டத்தைச் சந்தேகியுங்கள்.

ப்ளோயரைக் கழற்றிக் கழுவி மாட்டிய பிறகு கேஜ் 165ஐத் தாண்டியது. தேவையில்லாமல் நிரப்பிய கேஸ் அத்தனையும் உள்ளே இருந்தது; கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் ஏ.சி.யின் விவரத் தகட்டில் குறித்த அளவைவிட அதிகம். பெரியப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வாக்குவம் பம்பு போட்டுக் குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிவிட்டு, அந்த விவரத் தகட்டில் உள்ளபடி 750 கிராமைத் தராசில் நிறுத்து ஏற்றினார். முதலில் வந்தவரிடம் தராசே இல்லை. அன்றிலிருந்து பனி படியவில்லை. அம்மா இரவில் தூங்குகிறார்.

முதலில் வந்த இளைஞரின் கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "போட்ட கேஸுக்குத்தான் சார் வாங்கினோம்" என்று இணைப்பைத் துண்டித்தார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பயன் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கைப்பேசி வழியே பணம் அனுப்பிய பதிவும் கிறுக்கிய அந்த கார்டும் என்னிடம் இருக்கின்றன. இதுபோல ஏமாந்தவர்கள் பனி படிந்த படத்தையும் பணம் கொடுத்த சான்றையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.